புதுப்பிப்பைத் தடுப்பதா, தள்ளிப்போடுவதா? விண்டோஸ் கணினியைக் கட்டுக்குள் வைக்கும் வழிகள்: ஓர் ஒப்பீடு

2017 மார்ச் 14 அன்று, விண்டோஸின் கோப்புப் பகிர்வுப் பகுதியில் இருந்த ஓர் ஓட்டையை அடைக்கும் பாதுகாப்புப் புதுப்பிப்பை மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது. 59 நாட்கள் கழித்து, மே 12 அன்று, அதே ஓட்டையின் வழியாக வானாக்ரை என்னும் ரான்சம்வேர் பரவி, ஏறக்குறைய 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளின் கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டது. புதுப்பிப்பை நிறுவியிருந்தவர்களை அந்த ஓட்டையின் வழியாக அதனால் நெருங்க முடியவில்லை.

அடுத்த ஆண்டு அக்டோபர் 2 அன்று, விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பு வெளிவந்தது. டாக்குமெண்ட்ஸ் போன்ற கோப்புறைகளை வேறு இடத்துக்கு மாற்றி அமைத்திருந்தவர்களில் சிலருக்கு, பழைய இடத்தில் எஞ்சியிருந்த கோப்புகளை அந்தப் புதுப்பிப்பு அழித்துவிட்டது. நான்கே நாட்களில் அதன் விநியோகம் நிறுத்தப்பட்டது. திருத்தப்பட்ட வடிவம் நவம்பர் 13 அன்றுதான் மீண்டும் வந்தது. இம்முறை தப்பியவர்கள், உடனே நிறுவாமல் காத்திருந்தவர்கள்.

இந்த இரு நிகழ்வுகளையும் சேர்த்துப் பார்க்கும்போது, தானியங்கிப் புதுப்பிப்பை விடுவதா நிறுத்துவதா என்று கேட்பது பிழையான கேள்வி என்று எனக்குத் தோன்றுகிறது. எந்த வகைப் புதுப்பிப்பை எத்தனை நாள் தள்ளிப்போடலாம், போட்ட தடையை எவ்வளவு எளிதாக எடுக்கலாம் என்பவைதான் கேட்க வேண்டியவை. தனியுரிமை அமைப்புகளையும் இதே அளவுகோலால் அளக்கலாம். ஆனால் அவை தனி விஷயம். பலரும் இரண்டையும் ஒரே கருவியால் ஒரேயடியாக வெட்டிவிட முயல்வதால்தான் சிக்கல் தொடங்குகிறது.

முதலில், விண்டோஸின் செட்டிங்ஸ் பகுதியிலேயே இருக்கும் வசதிகள். 2015 ஜூலையில் விண்டோஸ் 10 வந்தபோது, வீட்டுப் பயனர்களுக்கான ஹோம் பதிப்பை வைத்திருப்பவருக்குப் புதுப்பிப்பைத் தள்ளிப்போட நேரடியான வழி ஏதும் தரப்படவில்லை. 2019 மே மாதத்தின் 1903 பதிப்பிலிருந்துதான் ஹோம் பதிப்பிலும் அதிகபட்சம் 35 நாட்கள் வரை இடைநிறுத்தும் பொத்தான் வந்தது. அந்தக் காலம் முடிந்ததும், நிலுவையில் உள்ளவற்றை நிறுவிய பிறகே மறுபடியும் இடைநிறுத்த முடியும். இதைக் குறையாகப் பலர் சொல்வதுண்டு. நான் இதை நிறையாகவே எண்ணுகிறேன்: போட்டதை மறந்துவிட்டாலும் இந்தத் தடை தானாகவே விலகிவிடும், இடைப்பட்ட காலத்திலும், விண்டோஸுடனே வரும் வைரஸ் தடுப்பு மென்பொருளான டிஃபெண்டரின் வைரஸ் வரையறைகள் வந்துகொண்டேயிருக்கும். 35 நாள் இடைநிறுத்தம் 1809-இன் முதல் நான்கு நாள் விபத்தைத் தவிர்க்கப் போதுமானது. வானாக்ரையின் 59 நாள் கெடுவைத் தாண்டிப்போகும் அளவுக்கு நீளமானதும் அன்று. இதன் உண்மையான குறை, பாதுகாப்புப் புதுப்பிப்பையும் புதிய பதிப்பையும் பிரித்துப் பார்க்காமல் எல்லாவற்றையும் சேர்த்தே நிறுத்திவிடுவதுதான்.

ஆக்டிவ் அவர்ஸ் என்னும் வசதி புதுப்பிப்பைத் தடுக்காது. குறிப்பிட்ட நேரத்தில், அதிகபட்சம் 18 மணி நேரத்துக்கு, கணினி தானாக ரீஸ்டார்ட் ஆவதை மட்டும் தடுக்கும். வேலைக்கு நடுவே கணினி அணைந்து எழுவதுதான் உங்கள் மனக்குறை என்றால் இதைச் சரியாக அமைத்தாலே போதும், வேறெதையும் தொடத் தேவையில்லை.

இணைய இணைப்பை மீட்டர்டு, அதாவது அளவு வைத்துக் கட்டணம் வசூலிக்கப்படும் இணைப்பு என்று குறித்துவிடுவது நெடுநாளாகப் புழங்கும் உபாயம். அவ்வாறு குறித்தால் பெரும்பாலான புதுப்பிப்புகள் தானாக இறங்குவதில்லை. ஆனால் ஒன்டிரைவ் ஒத்திசைவு போன்ற பிறவும் அதனுடன் நின்றுபோகக்கூடும்; தவிர, இதற்கு முடிவு நாள் எதுவும் கிடையாது. டேட்டா உண்மையிலேயே அளவாகக் கிடைப்பவர்களுக்கு இது பொருத்தமான அமைப்பு. புதுப்பிப்பை ஏமாற்றும் தந்திரமாக மட்டும் இதைப் பயன்படுத்துவது, இடைநிறுத்தும் பொத்தானைவிட மோசமான தேர்வு.

இரண்டாவது வழி, தொழில்முறைப் பயனர்களுக்கான புரோ பதிப்பில் கிடைக்கும் குரூப் பாலிசி, அதாவது விண்டோஸ் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை விதிகளாக நிர்ணயிக்கும் வசதி. ஒப்பீட்டில் மிக வலுவானது இதுதான் என்பது என் கருத்து. ஏனென்றால் மேலே சொன்ன இரு வகைகளையும் இது மட்டுமே தெளிவாகப் பிரித்து நடத்துகிறது. மாதந்தோறும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை வரும் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை 30 நாட்கள் வரையிலும், ஆண்டுக்கு ஒருமுறை வரும் புதிய பதிப்புகளை 365 நாட்கள் வரையிலும் தள்ளிவைக்கலாம். அதற்கு மேலும், குறிப்பிட்ட ஒரு பதிப்பிலேயே நிற்க வேண்டும் என்று இலக்கைப் பெயர் சொல்லியே நிர்ணயிக்கலாம். அப்போது புதிய பதிப்பு வராது, பாதுகாப்புப் புதுப்பிப்புகள் மட்டும் வந்துகொண்டிருக்கும். அந்தப் பதிப்பின் ஆதரவுக் காலம் முடிந்து 60 நாட்கள் ஆகியும் நீங்கள் இலக்கை மாற்றவில்லையென்றால், விண்டோஸ் தானாகவே அடுத்த பதிப்புக்குப் போய்விடும். இங்கும் மறதிக்கு ஒரு காப்பு இருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். வன்பொருள் டிரைவர்களை, அதாவது வன்பொருளை இயக்கும் மென்பொருள்களை, விண்டோஸ் அப்டேட் வழியே அனுப்பாதே என்று தனியே சொல்வதற்கும் ஒரு கொள்கை உண்டு. நன்றாக வேலை செய்துகொண்டிருந்த கிராஃபிக்ஸ் டிரைவரை ஒரு புதுப்பிப்பு மாற்றிவைத்ததால் அவதிப்பட்டவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

பாதுகாப்புப் புதுப்பிப்புக்கு முழு 30 நாளையும் எடுத்துக்கொள்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். புதுப்பிப்பு வெளியானவுடன் அதைப் பழைய கோப்புகளோடு ஒப்பிட்டு, ஓட்டை எங்கே இருந்தது என்று கண்டுபிடிப்பது தாக்குபவர்களின் வாடிக்கையான வேலை. ஆகவே தாமதத்தின் ஒவ்வொரு நாளும் அவர்களுக்குக் கிடைக்கும் அவகாசம். ஏழு முதல் பத்து நாட்கள் காத்திருந்தால் பெரும் கோளாறுகள் பெரும்பாலும் வெளியே தெரிந்துவிடும். விதிவிலக்கும் உண்டு. 2021 ஜூலையில் பிரிண்ட்நைட்மேர் என்று அழைக்கப்பட்ட அச்சுச் சேவை ஓட்டைக்கு வழக்கமான செவ்வாய்க்கிழமை வரை காத்திராமல் அவசரப் புதுப்பிப்பு வந்தது. அதற்கு முன்பே தாக்குதல் நிரல் பொதுவெளியில் கிடைத்துவிட்டிருந்தது. அத்தகைய செய்தி காதில் விழும் நாளில் தாமதத்தை நீக்கிவிட்டு உடனே நிறுவிக்கொள்ள வேண்டும்.

ஹோம் பதிப்பில் குரூப் பாலிசி எடிட்டர் கிடையாது. அதே கொள்கைகளை ரெஜிஸ்ட்ரியில், அதாவது விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் தரவுத்தளத்தில், கையால் எழுதும் குறிப்புகள் இணையத்தில் நிறையக் கிடைக்கின்றன. ஆனால் அவற்றைப் புரோ முதலான பதிப்புகளுக்கே உரியவையாக மைக்ரோசாஃப்ட் குறிப்பிடுகிறது. இன்று பலிக்கும் ஒரு மதிப்பு அடுத்த பதிப்பில் பலிக்காமல் போனால் முறையிட இடமில்லை.

மூன்றாவது வழி, வெளியார் தயாரித்த சிறு கருவிகள். கிப்சன் ரிசர்ச் வெளியிடும் இன்கன்ட்ரோல், இலக்குப் பதிப்பை நிர்ணயிக்கும் அந்த ஒரு வேலையை மட்டும் செய்கிறது. ஒரே வேலை என்பதாலேயே திரும்பப் பெறுவதும் எளிது. ஜெர்மனியின் ஓ அண்ட் ஓ நிறுவனம் இலவசமாகத் தரும் ஷட்அப்10++ இதற்கு எதிர்முனையில் இருக்கிறது. நிறுவாமலேயே இயங்கும் இந்தக் கருவி, புதுப்பிப்பு, டெலிமெட்ரி (கணினி மைக்ரோசாஃப்டுக்கு அனுப்பும் பயன்பாட்டுத் தகவல்), விளம்பர அடையாள எண், இருப்பிடம், கேமரா அனுமதி எனப் பெருந்தொகையான சுவிட்சுகளை ஒரே பட்டியலில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் பரிந்துரைக்கப்படுவது, நிபந்தனையோடு ஏற்கத்தக்கது, பரிந்துரைக்கப்படாதது என்று தரம் குறித்துக் காட்டுகிறது. செட்டிங்ஸில் பல பக்கங்களில் சிதறிக் கிடப்பதை ஓரிடத்தில் பார்க்க முடிவது பெரிய நன்மை. மாற்றுவதற்கு முன் மீட்புப் புள்ளி ஒன்றை உருவாக்கிக்கொள்ளவும், செய்த தேர்வுகளைக் கோப்பாகச் சேமித்துக்கொள்ளவும் இதில் வழியிருக்கிறது. ஆபத்து எங்கே இருக்கிறதென்றால், எல்லாச் சுவிட்சுகளையும் ஒரே சொடுக்கில் மாற்றும் வசதியில்தான். தனியுரிமைக்காக அதைச் சொடுக்குகிறவர், புதுப்பிப்பையும் பாதுகாப்புச் சேவைகளையும் தொடும் சுவிட்சுகளையும் தம்மையறியாமல் மாற்றிவிடக்கூடும்.

இதை நேரில் பார்த்திருக்கிறேன். உறவினர் ஒருவரின் கணினியில் செயலிகள் எதுவும் நிறுவப்பட மறுத்தன. தேடிப் பார்த்தபோது, புதுப்பிப்புச் சேவையை யாரோ ஒரு கருவி கொண்டு முடக்கி ஓராண்டுக்கும் மேலாகியிருந்தது. எந்தக் கருவி என்று அவருக்கு நினைவில்லை. அது கணினியிலும் இல்லை. எதை மாற்றியது என்ற பட்டியல் இல்லாததால் ஒவ்வொன்றாகத் தேடி மீட்க ஒரு முழுநாள் ஆனது. எனவே மூன்றாவது வழியைத் தேர்ந்தெடுப்பவர் செய்ய வேண்டிய முதல் வேலை, எந்தச் சுவிட்சை எந்த நாளில் மாற்றினோம் என்று ஒரு தாளில் எழுதிவைப்பது.

நான்காவது வழி புதுப்பிப்புச் சேவையையே முடக்குவது, அல்லது இணைய முகவரிகள் எங்கே போய்ச் சேர வேண்டும் என்று கணினிக்குச் சொல்லும் ஹோஸ்ட்ஸ் கோப்பில் மைக்ரோசாஃப்ட் முகவரிகளைத் தடுப்பது. இதற்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. புதுப்பிப்புச் சேவையை நிறுத்தினால், அதை மீட்டெடுப்பதற்கென்றே உள்ள மெடிக் சர்வீஸ் மறுபடியும் எழுப்பிவிடும். அதையும் சேர்த்து முடக்கிவிட்டால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து செயலி நிறுவுவதும் தடைப்படும். ஹோஸ்ட்ஸ் கோப்பில் டெலிமெட்ரி முகவரிகளைத் தடுத்தவர்களுக்கு, 2020-இன் நடுவிலிருந்து டிஃபெண்டர் அதையே அச்சுறுத்தலாகக் காட்டத் தொடங்கியது. இது காலக்கெடு இல்லாத தடை. வகை பிரிக்காத தடை. வானாக்ரை போன்ற ஒன்று வரும் நாளில் கதவைத் திறந்துவைத்திருக்கும் தடை. நான்கில் இதை மட்டும் நான் முற்றாக மறுக்கிறேன்.

இனித் தனியுரிமை. விண்டோஸ் 10 அளவுக்கு மீறித் தரவு சேகரிக்கிறது என்று பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2016 ஜூலையில் மைக்ரோசாஃப்டுக்கு முறையான அறிவிப்பு அனுப்பியது. நிறுவனம் மாற்றங்கள் செய்தபின் 2017 ஜூனில் அந்த நடவடிக்கை முடித்துவைக்கப்பட்டது. அதன் பிறகு டயக்னாஸ்டிக் தரவு, அதாவது மேலே டெலிமெட்ரி என்று சொன்ன தகவல், கட்டாயமானது, விருப்பத்துக்குரியது என்று இரண்டாகச் சுருங்கியிருக்கிறது. ஹோமிலும் புரோவிலும் கட்டாயமானதை நிறுத்த முடியாது; முழுவதும் அணைக்கும் உரிமை எண்டர்பிரைஸ், எஜுகேஷன் பதிப்புகளுக்கே உண்டு. புரோ பதிப்பின் குரூப் பாலிசியில் அணைத்துவிட்டதாகத் தோன்றினாலும், கட்டாய அளவாகவே அது எடுத்துக்கொள்ளப்படும். ஆகவே இந்த ஒன்றுக்காக மட்டும் புரோ வாங்க எண்ணுபவர் ஏமாந்துபோவார்.

உண்மையில் கவலைப்பட வேண்டியது விருப்பத்துக்குரிய தரவைப் பற்றித்தான். எட்ஜ் உலாவியில் பார்த்த தளங்கள், செயலிகளைப் பயன்படுத்திய விதம் ஆகியவற்றோடு, ஒரு செயலி முறிந்துவிழும் தருணத்தில் கணினியின் நினைவகத்தில் இருந்தவையும் அதில் போகலாம்; அப்போது திறந்திருந்த கோப்பின் பகுதிகள் தற்செயலாக அதில் அடங்கியிருக்கக்கூடும் என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது. அந்தக் கோப்பு உங்கள் மருத்துவ அறிக்கையாகவும் இருக்கலாம், வங்கிக் கணக்காகவும் இருக்கலாம். இதை அணைக்க எந்தக் கருவியும் வேண்டாம். செட்டிங்ஸில் ஒரே ஒரு சுவிட்சு. விளம்பர அடையாள எண், தனிப்பயன் பரிந்துரைகள், தட்டச்சுத் தரவு ஆகியவையும் அருகருகேதான் உள்ளன. பத்து நிமிடத்தில் இவற்றை முடிக்கலாம் என்பதால், தனியுரிமைக்கு முதல் வழியே பெரும்பாலோருக்குப் போதும்.

புதுப்பிப்பும் தனியுரிமையும் உரசிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு: புதிய பதிப்புகள் புதிய சுவிட்சுகளைக் கொண்டுவருகின்றன. திரையைச் சில விநாடிகளுக்கொருமுறை படம்பிடித்துச் சேமிக்கும் ரீகால் வசதி 2024 மே மாதம் அறிவிக்கப்பட்டபோது எழுந்த எதிர்ப்பால், அது பலமுறை தள்ளிப்போய், பயனர் கேட்டால் மட்டுமே இயங்கும் வசதியாக 2025-இல்தான் வந்தது. புதிய பதிப்பை சில மாதங்கள் தாமதிப்பவருக்கு, அதில் என்ன வருகிறது என்று பிறர் ஆராய்ந்து எழுதியதைப் படிக்க நேரம் கிடைக்கிறது. நிறுவிய அன்றே தனியுரிமைப் பக்கங்களை மறுபடி ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

வேறு இயங்குதளத்துக்கே மாறிவிடுவது ஐந்தாவது வழி. மேக்கில், பாதுகாப்பு சார்ந்த கோப்புகளைத் தானாக நிறுவுவதற்கும் மேக்ஓஎஸ் பதிப்பை நிறுவுவதற்கும் தனித்தனிச் சுவிட்சுகள் உண்டு. விண்டோஸ் ஹோம் தராத பிரிவினை அது. லினக்ஸ் வகை இயங்குதளமான உபுண்டு, பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மட்டும் நாள்தோறும் தானாக நிறுவுகிறது. கேட்காமல் ரீஸ்டார்ட் செய்வதில்லை. இன்னொரு லினக்ஸ் வகையான லினக்ஸ் மின்ட் முழு உரிமையையும் பயனரிடமே கொடுத்தது. அதன் விளைவாகக் கணிசமான பயனர்கள் பழைய, ஓட்டையுள்ள பதிப்புகளிலேயே இருந்துவிட்டதை 2021-இல் மின்ட் குழுவினரே வருத்தத்தோடு எழுதி, பின்னர் நினைவூட்டல்களைச் சேர்த்தார்கள். கட்டுப்பாடு முழுவதும் கையில் கிடைத்தவர்கள் எல்லோரும் அதைப் பயன்படுத்துவதில்லை என்பதற்கு இதைவிட நேர்மையான சாட்சியம் எனக்குத் தெரியாது. தவிர, விண்டோஸில் மட்டுமே ஓடும் மென்பொருளை நம்பியிருப்பவருக்கு இந்த வழியே இல்லை.

என் பரிந்துரை ஆளுக்கு ஆள் மாறும். புரோ பதிப்பு வைத்திருந்து, மாதம் ஒருமுறையாவது செய்திகளைக் கவனிப்பவர், பாதுகாப்புக்கு ஒரு வாரமும் புதிய பதிப்புக்கு நான்கு மாதமும் தாமதம் வைக்கலாம். ஹோம் பதிப்பு வைத்திருப்பவர், ஆக்டிவ் அவர்ஸை அமைத்துவிட்டு, இரண்டாம் செவ்வாய்க்கிழமைக்குச் சற்று முன் தொடங்கி ஒரு வாரம் இடைநிறுத்தினால் ஏறக்குறைய அதே பயன் கிடைக்கும். கணினியைத் திறந்து வேலை பார்த்து மூடுவதைத் தவிர வேறெதிலும் ஆர்வமில்லாத பெற்றோருக்கோ முதியவருக்கோ அமைத்துத் தருவதானால், தனியுரிமைச் சுவிட்சுகளை மட்டும் மாற்றிவிட்டு, புதுப்பிப்பைத் தொடாமல் விட்டுவிடுங்கள். அந்தக் கணினி விண்டோஸ் 10-இல் இருந்தால் அதன் பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றே முடிந்துவிட்டது; நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புப் புதுப்பிப்புத் திட்டத்தில் அது சேர்ந்திருக்கிறதா என்பதை மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் பாருங்கள்.