எதிர்த்தரப்புக்கு முதல் பத்தியா, கடைசிப் பத்தியா?

'வாக்களிக்கும் வயதை 16 ஆகக் குறைக்க வேண்டுமா?' என்று பதினோராம் வகுப்புக்குத் தலைப்புக் கொடுத்தால், பாதிப் பேர் 'முன்னுரை' என்று எழுதி அடிக்கோடிட்டுவிட்டு மக்களாட்சியின் பெருமையைப் பாடத் தொடங்கிவிடுகிறார்கள். ஒரு பக்கம் முடிந்த பிறகும் வேண்டுமா, வேண்டாமா என்று தெரியாது. வாதக் கட்டுரைக்கு முதலில் வேண்டியது ஒரு துணிபு, அதாவது யாராவது மறுக்கக்கூடிய ஒற்றை வாக்கியம். 'வாக்குரிமை முக்கியமானது' என்பதை யார் மறுப்பார்கள்? அது துணிபே அல்ல.

துணிபு கிடைத்த பிறகு வருவதுதான் சிக்கலான கேள்வி: எதிர்த்தரப்பை எங்கே உட்கார வைப்பது? வழிகள் இரண்டு. இரண்டுக்கும் நன்னூலிலேயே பெயர் இருக்கிறது. பவணந்தி முனிவர் சொன்ன எழுவகை மதங்களில் (மதம் என்றால் இங்கே கொள்கை) ஒன்று 'தாஅன் நாட்டித் தனாது நிறுப்பு'. தன் கருத்தை நாட்டி நிலைநிறுத்துவது. இன்னொன்று 'பிறர்தம் மதம் மேற்கொண்டு களைவு'. பிறர் கருத்தை ஏற்றதுபோல் எடுத்துக்கொண்டு பிறகு களைவது.

முதல் வழியில் துணிபு, காரணங்கள், ஆதாரங்கள் எல்லாம் முன்னே வந்துவிடும். எதிர்வாதமும் அதற்கான மறுப்பும் முடிவுரைக்கு முந்தைய பத்தியில் நிற்கும். தேர்வு அறைக்கு இதுவே பாதுகாப்பு. மணி அடித்தாலும் உங்கள் தரப்பு தாளில் ஏறியிருக்கும். குறை என்னவென்றால், அந்த நேரத்தில் கை வலித்து, எதிர்வாதம் 'சிலர் இதை எதிர்க்கலாம். ஆனால் அது தவறு' என்று சுருங்கிப்போகும். எதிர்த்தரப்பைக் கிண்டலில் முடித்துவிடும் பட்டிமன்றப் பழக்கமும் இங்கேதான் தலைகாட்டும்.

இரண்டாவது வழியில் எதிர்வாதமும் அதற்கான மறுப்பும் முதலிலேயே வந்துவிடும். இதில் உழைப்பு அதிகம். ஒரு மாணவர் இப்படி எழுதியிருந்தார்: '16 வயதினர் பெற்றோர் சொல்லும் சின்னத்துக்கே வாக்களிப்பார்கள் என்று அஞ்சுகிறார்கள். ஆனால் 1988இன் 61ஆவது அரசியலமைப்புத் திருத்தம் வயதை 21இலிருந்து 18 ஆக்கியது. ஆஸ்திரியா 2007இல் 16 ஆக்கியது.' தகவல்கள் சரி, மறுப்புதான் தவறு. வயது வரம்பை மாற்றலாம் என்பதற்கு அவை ஆதாரம். பெற்றோர் பற்றிய அச்சத்துக்கு அவற்றில் பதில் இல்லை. திருத்தி எழுதியபோது, 'குடும்பமே ஒரு சின்னத்துக்கு வாக்களிக்கும் வீட்டில் 30 வயது மகனின் வாக்குரிமையை யாரும் கேள்வி கேட்பதில்லை. வாக்குப்பதிவு இயந்திரத்தின் முன் எவரும் தனியாகத்தான் நிற்கிறார்' என்று வந்தது. இப்போதுதான் எதிராளியின் கேள்விக்குப் பதில் கிடைத்தது.

தமிழில் எழுதுபவருக்கு இந்த வழியில் இன்னொரு கண்ணியும் உண்டு. 'என்கிறார்கள்' என்ற சொல் நம் வாக்கியத்தில் கடைசியில்தான் வரும். எதிர்வாதத்தை நான்கு வரிக்கு நீட்டிவிட்டு முடிவில் 'என்பர்' போட்டால், அதுவரை வாசகர் அதை உங்கள் கருத்தாகவே படித்துக்கொண்டிருப்பார். 'எதிர்ப்பவர்களின் அச்சம் இது' என்று பத்தியைத் திறந்துவிட்டால் குழப்பம் இல்லை.

ஒவ்வொரு காரணத்தோடும் அதன் மறுப்பைப் பின்னிக்கொண்டே போகும் மூன்றாவது முறையும் உண்டு. கை பழகாதவர்கள் எழுதினால் யார் எந்தப் பக்கம் என்பதே தெரியாமல் போகும். பள்ளி முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நேரம் குறைவென்றால் முதல் வழியே சரி. வீட்டில் உட்கார்ந்து எழுதுவதானால், வாக்குரிமைத் தலைப்புக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். தலைப்பைப் பார்த்ததுமே 'பிள்ளைகளுக்கு என்ன தெரியும்?' என்று வாசகர் முணுமுணுத்துவிடுவார். அந்த முணுமுணுப்பைக் கடைசிப் பத்தி வரை காக்க வைத்தால் நடுவில் நீங்கள் சொல்வது எதுவும் அவர் காதில் ஏறாது. 'விடுமுறை நாளிலும் பள்ளி நூலகம் திறந்திருக்க வேண்டும்' என்பது போன்ற தலைப்பானால் முதல் வழி தாராளமாகப் போதும். அதை எதிர்க்க யார் இருக்கிறார்கள், சாவி வைத்திருப்பவரைத் தவிர?