பெல்லட் ஸ்டவ் சர்வீஸ்: புகைக்குழாய்க்கு டேப் சுற்றிவிட்டுக் காசு வாங்கிப் போனார்கள், கவனம்

வீட்டைச் சூடாக்கப் பெல்லட் ஸ்டவ் (மரத்தூளை அழுத்திச் செய்த சின்னக் குச்சிகளை எரிக்கும் அடுப்பு) வைத்திருப்பவர்கள், சர்வீஸுக்கு வந்த ஆள் கிளம்புவதற்கு முன்பே ஸ்டவ்வின் பின்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

வழக்கமான வருடாந்திர சர்வீஸ்தான். டெக்னீஷியன் ஸ்டவ்வை முன்னுக்கு இழுத்து, புகைக்குழாயைக் கழற்றி, சாம்பலை உறிஞ்சி எடுத்துவிட்டுத் திரும்ப மாட்டினார். 'குழாய் இணைப்பு சீல் செய்தது' என்று பில்லில் தனியாக ஒரு வரி போட்டு அதற்கும் காசு வாங்கினார்கள். அன்று ராத்திரியே கரிந்த வாடை. போன் செய்தோம். "பெயின்ட் வாடைங்க, ரெண்டு நாள்ல போயிடும்" என்றார்கள். பல வருஷமாக எரிகிற ஸ்டவ்வில் புதுப் பெயின்ட் எங்கிருந்து வந்தது?

வாடை போகவில்லை. ஒவ்வொரு முறை பற்றவைக்கும்போதும் வரும், நெருப்பு நன்றாகப் பிடித்ததும் குறையும். அம்மாவுக்குத் தலைவலி ஆரம்பித்தது. மறுபடி கூப்பிட்டால், "கார்பன் மோனாக்சைடு அலாரம் அடிச்சுதா? அடிக்கலைன்னா லீக் இல்லைங்க" என்று பதில். எனக்கு இன்னும் ஆறாதது இதுதான். கார்பன் மோனாக்சைடு என்பது புகையோடு வரும் விஷ வாயு, அதற்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. அலாரமோ கொஞ்சம் கசிந்ததுமே அடிக்கிற சாதனம் இல்லை. யூஎல் 2034 என்ற அமெரிக்கத் தரத்தின்படி, காற்றில் பத்து லட்சத்துக்கு 70 பங்கு இருந்தால் 60 முதல் 240 நிமிஷத்துக்குள் அடித்தால் போதும். 30 பங்கு என்றால் 30 நாள் வரை அடிக்கவே கூடாது. இதே தொழிலில் இருப்பவர்கள் வயதானவர் இருக்கும் வீட்டுக்குச் சொல்கிற பதிலா இது?

ஸ்டவ்வை அணைத்துவிட்டு வேறு ஆளை வரவழைத்தோம். அவர் ஸ்டவ்வை இழுத்ததுமே தெரிந்துவிட்டது. ஸ்டவ்வும் குழாயும் சேருகிற அடாப்டரில் அலுமினிய டேப், அதற்கடியில் குளியலறைக்குப் பூசும் வெள்ளை சிலிக்கான். டேப்பின் பசை சூட்டில் இளகி ஓரம் தூக்கி நின்றது. அந்த இடத்துக்கு நேரே சுவரில் விரல் அகலத்துக்குச் சாம்பல் கோடு. பழைய சிலிக்கானைச் சுரண்டாமல் அதன் மேலேயே பூசியிருந்ததால், நகத்தால் நெம்பியதும் ரப்பர் வளையம் போல முழுசாகக் கழன்று வந்தது. போதாததற்கு, இரட்டைச் சுவர்க் குழாயின் உள்சுவர் வரை ஓட்டை போட்டு ஸ்க்ரூ இறக்கியிருந்தார். அந்தத் துண்டையே மாற்ற வேண்டியதாயிற்று.

விறகு ஸ்டவ்வில் சிம்னியின் இழுப்பே புகையை மேலே கொண்டுபோகும், சின்ன இடைவெளி இருந்தால் பெரும்பாலும் அறைக் காற்றுதான் உள்ளே போகும். பெல்லட் ஸ்டவ்வில் ஒரு விசிறி புகையைக் குழாய்க்குள் தள்ளுகிறது. அதனால் ஊசிக்கண் அளவு ஓட்டை இருந்தாலும் புகை அறைக்குள் வரும். இது தெரியாதவர் அந்த இணைப்பில் கை வைக்கவே கூடாது.

இரண்டாவது வந்தவர் பழையதை எல்லாம் சுரண்டி, ஸ்பிரிட் போட்டுத் துடைத்தார். அவர் கொண்டுவந்த சிலிக்கான் டியூபில் 260 டிகிரி செல்சியஸுக்கு மேல் தாங்கும் என்று போட்டிருந்தது. அதைச் செருகும் பக்கம் இடைவெளி விடாமல் வளையமாக வைத்து, குழாயைச் செருகிக் கொஞ்சம் திருகி அமர்த்தினார். 24 மணி நேரம் காயாமல் பற்றவைக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். முதல் ஆள் பூசிய கையோடு பற்றவைத்துக் காட்டிவிட்டுத்தான் போனார்! காய்ந்தபின் இவரே திரும்ப வந்து, விளக்கை அணைத்துவிட்டு, பற்றிக்கொள்ளும் நேரத்தில் ஒவ்வொரு இணைப்பிலும் டார்ச் அடித்துப் பார்த்தார். புகை அதிகமாக வருவது அப்போதுதான் என்பதால் லீக் இருந்தால் தெரிந்துவிடுமாம். எங்கும் இல்லை. அதற்குப் பிறகு வாடையும் இல்லை.

உங்கள் வீட்டுக்கு வருபவரிடம் எந்த டியூப் கொண்டுவந்திருக்கிறார் என்று வாங்கிப் பாருங்கள். காட்டத் தயங்கினால் வேலையைத் தொடங்கவே விடாதீர்கள். பற்றவைக்கும்போது வாடையோ, வீட்டில் யாருக்காவது தலைவலி, தலைசுற்றலோ இருந்தால் எல்லோரும் உடனே வெளியே வந்துவிட்டு அவசர உதவியைக் கூப்பிடுங்கள்.

முதலில் வந்த நிறுவனத்துக்குப் படங்களை அனுப்பிப் பணத்தைத் திருப்பிக் கேட்டோம். சீல் செய்தது வாரண்டியில் வராது என்று கையை விரித்துவிட்டார்கள்.