எட்டு வார அரசியலமைப்பு வகுப்பு: ஐந்துக்கு சாருக்கு நாலரை, ஆபீசுக்கு ஒன்றரை

மதுரையில் ஒரு போட்டித்தேர்வுப் பயிற்சி மையத்தில், அரசியலமைப்புப் பாடத்துக்கென்று சனி, ஞாயிறு மட்டும் நடக்கும் வகுப்பில் சேர்ந்து போன மாதம்தான் முடித்தேன். எட்டு வாரம், 5,000 ரூபாய். மையத்தின் பெயரை எழுதப் போவதில்லை. கடைசியில் அவர்களோடு கொஞ்சம் வாய்த்தகராறு ஆகிவிட்டது, அதனால்தான். பெயர் இல்லாத விமர்சனம் எதற்கு என்று கேட்பீர்கள். இந்த மாதிரி வகுப்பில் எதைப் பார்த்துச் சேர வேண்டும், எதைக் கண்டால் ஓட வேண்டும் என்பது பெயர் இல்லாமலே புரியும்.

எனக்கு வயது 33. படித்தது பி.எஸ்சி. வேதியியல். திருமங்கலத்திலிருந்து பஸ்ஸில் வந்து போனேன். குரூப் 2 முதல்நிலையில் ஒரு தடவை கோட்டை விட்டவள். விட்டதில் பாதி அரசியலமைப்புக் கேள்விகளில். பிரிவு எண்களெல்லாம் தலைகீழாகத் தெரியும். 52, 53, 74, 75 என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டால் மாட்டிக்கொள்வேன். நாட்டின் நிர்வாக அதிகாரம் குடியரசுத் தலைவரிடம் இருக்கிறது என்று 53 சொல்கிறது. அப்படியென்றால் பிரதமர் என்ன செய்கிறார்? பத்தாம் வகுப்பிலிருந்து எனக்கு இருந்த சந்தேகம் இது.

முதல் நாள் சார் போர்டில் ஒன்றுமே எழுதவில்லை. தமிழ்நாடு அரசின் பழைய அரசாணை ஒன்றை ஜெராக்ஸ் எடுத்து வந்து ஆளுக்கு ஒன்று கொடுத்தார். "கடைசியில என்ன போட்டிருக்குன்னு படிங்க" என்றார். அடைப்புக்குறிக்குள் 'ஆளுநரின் ஆணைப்படி' என்று இருந்தது, அதற்குக் கீழே துறைச் செயலாளரின் பெயர். "இந்தத் தாளை ஆளுநர் கண்ணால பார்த்திருப்பாரா?" யாரும் வாயைத் திறக்கவில்லை. பார்த்திருக்க மாட்டார் என்றார். துறை அமைச்சர் முடிவெடுக்கிறார், செயலாளர் கையெழுத்துப் போடுகிறார், பெயர் மட்டும் ஆளுநருடையது. மாநிலத்தில் இதற்குப் பிரிவு 166, மத்தியில் பிரிவு 77. அங்கே எல்லாமே குடியரசுத் தலைவர் பெயரில் நடக்கும்.

அப்புறம் மூன்று கேள்விகளைச் சொன்னார். முடிவெடுத்தது யார்? கையெழுத்து யாருடையது? பதில் சொல்ல வேண்டியது யார்? எட்டு வாரமும் எந்தச் சம்பவத்தை எடுத்தாலும் இந்த மூன்றையும் கேட்காமல் விடமாட்டார். "நீங்க சொல்லுங்கம்மா" என்று திடீரென்று என் பக்கம் கையை நீட்டுவார். தப்பாகச் சொன்னாலும் திட்ட மாட்டார், அதே கேள்வியை அடுத்தவரிடம் கேட்பார். திட்டினால்கூடப் பரவாயில்லை என்று இருக்கும்.

மூன்றாவது கேள்விக்கு அவர் எடுத்த உதாரணம் 1999. மத்திய அமைச்சரவை மக்களவைக்குக் கூட்டாகப் பொறுப்பு என்கிறது 75(3). அதிமுக ஆதரவை விலக்கிக்கொண்டதும், பெரும்பான்மையை நிரூபிக்கும்படி வாஜ்பாயிடம் குடியரசுத் தலைவர் கே.ஆர்.நாராயணன் சொன்னார். ஏப்ரல் 17இல் வாக்கெடுப்பு. ஆதரவு 269, எதிர்ப்பு 270. ஒரே ஓட்டில் அரசாங்கம் போனது. அமெரிக்காவில் அதிபருக்கு இப்படி ஆகாது. நாடாளுமன்றத்தில் ஓட்டு குறைந்தது என்பதற்காக அவர் வீட்டுக்குப் போக வேண்டியதில்லை. இங்கே போக வேண்டும். 'நாடாளுமன்ற முறை' என்று வருடக்கணக்காக மனப்பாடம் செய்தது எனக்கு அந்த 269, 270 எண்களில்தான் உறைத்தது.

வகுப்பிலேயே சிறந்தது மூன்றாவது வாரம். பிரிவு 74 ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டரை மணி நேரம் ஓட்டினார். பிரதமர் தலைமையில் ஓர் அமைச்சரவை, குடியரசுத் தலைவருக்கு உதவியும் ஆலோசனையும் சொல்லும். ஆரம்பத்தில் அவ்வளவுதான் இருந்தது. அந்த ஆலோசனைப்படிதான் நடக்க வேண்டும் என்று எழுத்தில் சேர்த்தது 1976இன் 42ஆவது திருத்தம். மறுபரிசீலனை செய்யுங்கள் என்று ஒருமுறை திருப்பி அனுப்பலாம், அதே ஆலோசனை திரும்பி வந்தால் ஏற்க வேண்டும் என்றது 1978இன் 44ஆவது திருத்தம். இதை எந்த கைடும் சொல்லும். சார் அதோடு விடவில்லை. 1997இல் உத்தரப் பிரதேச அரசைக் கலைக்கச் சொல்லி குஜ்ரால் அமைச்சரவை அனுப்பிய பரிந்துரையை நாராயணன் திருப்பி அனுப்பினார். அமைச்சரவை அதை மறுபடி வலியுறுத்தாமல் கைவிட்டது. ஒருமுறை திருப்பி அனுப்பும் அதிகாரம் கேட்கச் சின்னதாக இருக்கிறது. டெல்லியில் அது போதுமானதாக இருந்திருக்கிறது.

மசோதாவைத் திருப்பி அனுப்புவது வேறு கணக்கு, அது பிரிவு 111. அப்துல் கலாம் 2006இல் ஆதாயம் தரும் பதவி மசோதாவைத் திருப்பி அனுப்பினார், நாடாளுமன்றம் அப்படியே மறுபடி நிறைவேற்றி அனுப்பியது, கையெழுத்துப் போட்டார். ஜெயில் சிங் இன்னும் ஒரு படி மேலே போனார். தபால்களைப் பிரித்துப் பார்க்க அரசுக்கு அதிகாரம் தரும் மசோதா வந்தபோது கையெழுத்தும் போடவில்லை, திருப்பியும் அனுப்பவில்லை, சும்மா வைத்துக்கொண்டார். 111இல் காலக்கெடு எதுவும் எழுதப்படவில்லை. போன தடவை பரீட்சைக்குப் படித்தபோது 74, 111 இரண்டையும் நான் ஒன்றாகப் போட்டுக் குழப்பியிருந்தேன் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

நெருக்கடி நிலையைச் சொன்ன விதமும் மறக்காது. 1975 ஜூன் 25 இரவு, பிரதமர் அனுப்பிய கடிதத்தை வைத்து பக்ருதீன் அலி அகமது கையெழுத்துப் போட்டார். மற்ற கேபினட் அமைச்சர்களுக்கு விஷயம் தெரிந்தது மறுநாள் காலையில். அதனால்தான் 44ஆவது திருத்தம், கேபினட் முடிவு எழுத்துமூலம் வந்தால் மட்டுமே குடியரசுத் தலைவர் அறிவிக்கலாம் என்று 352இல் சேர்த்தது. 'கேபினட்' என்ற சொல் ஏன் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது என்பது கதை தெரிந்தால்தான் புரியும்.

நம் ஊர்க் கதை ஐந்தாவது வாரம் வந்தது. 1991 ஜனவரி 30, திமுக அரசு கலைக்கப்பட்ட நாள். கலைக்கச் சொல்லி அறிக்கை தர ஆளுநர் பர்னாலா மறுத்துவிட்டார். ஆனாலும் கலைத்தார்கள். மாநில ஆட்சியைக் கலைக்க வழிசெய்யும் பிரிவு 356இல் 'ஆளுநரின் அறிக்கை பெற்றோ, அல்லது வேறு வகையிலோ' என்று இருக்கிறது. அந்த 'வேறு வகை'தான் அன்றைக்கு உதவியது. முடிவெடுத்தது சந்திரசேகர் அமைச்சரவை. கையெழுத்து, நம் தஞ்சை மாவட்டத்துக்காரரான ஆர்.வெங்கட்ராமனுடையது. பதில் சொல்ல வேண்டியது யார் என்று சார் கேட்டதும் வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிட்டது. பின்பெஞ்சில் ஒரு தம்பிக்கு முகமே சிவந்து போனது. அவர் அப்பா அப்போது கட்சிக்காரர் போல. சார் எந்தப் பக்கமும் சாயாமல், சந்திரசேகர் அரசே மார்ச் 6ஆம் தேதி ராஜினாமா செய்துவிட்டது என்று மட்டும் சொன்னார். பதில் சொல்ல வேண்டியவர்கள் ஐந்து வாரத்தில் போய்விட்டார்கள். உச்ச நீதிமன்றத்தின் 1994 எஸ்.ஆர்.பொம்மை தீர்ப்புக்குப் பிறகு இப்படிக் கலைப்பது எவ்வளவு கஷ்டமாகிவிட்டது என்பதை அங்கிருந்து தொடங்கினார்.

குறையும் உண்டு. சார் கதையில் இறங்கினால் கடிகாரத்தைப் பார்க்க மாட்டார். கேபினட் அமைச்சர், இணை அமைச்சர், தனிப் பொறுப்பு, கேபினட் செயலாளர், துறை ஒதுக்கீட்டு விதிகள் எல்லாவற்றையும் சேர்த்து இருபது நிமிடத்தில் முடித்துவிட்டார். அமைச்சர் எண்ணிக்கைக்கு 15 சதவீத வரம்பு, அதாவது 543 பேர் உள்ள மக்களவைக்கு 81 பேர், நம் சட்டமன்றத்தில் 234க்கு 35 பேர் என்பதையாவது போர்டில் கணக்குப் போட்டுக் காட்டினார். உறுப்பினராக இல்லாதவர் ஆறு மாதம் அமைச்சராக இருக்கலாம் என்பதற்கு ஜெயலலிதாவின் 2001 வழக்கை ஒரே வரியில் தொட்டுவிட்டுப் போனார். அன்று வீட்டுக்கு வந்து நானாகத்தான் படித்தேன்.

இனி ஆபீஸ் கதை. கட்டணத்தில் 800 ரூபாய் மெட்டீரியலுக்கு. ஸ்பைரல் பைண்டிங் போட்ட ஜெராக்ஸ், சில பக்கங்களில் ஓரத்து எழுத்தே விழவில்லை. அதைவிடப் பெரிய கொடுமை, அமைச்சர்களின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு எதுவும் இல்லை என்று 41ஆம் பக்கத்தில் இருந்தது. 91ஆவது திருத்தம் வந்தது 2003இல். எனக்குக் கொடுத்தது அதற்கும் முந்தைய யாரோ ஒருவருடைய நோட்ஸ்! அந்த நோட்ஸில் மக்களவையில் இரண்டு ஆங்கிலோ இந்திய நியமன உறுப்பினர்கள் இன்னும் உட்கார்ந்திருக்கிறார்கள். 2020 ஜனவரியோடு அது முடிந்த கதை. மாதிரித் தேர்வு ஓஎம்ஆர் தாளில் நான்கு வட்டம்தான். விடை தெரியவில்லை என்பதற்கான ஐந்தாவது வட்டமே கிடையாது. அதையும் சேர்த்துப் பழக்கத்தானே மாதிரித் தேர்வு?

தகராறு ஆன்சர் கீயில் வந்தது. அமைச்சரவையின் ஆலோசனையைக் குடியரசுத் தலைவர் எத்தனை முறை மறுபரிசீலனைக்கு அனுப்பலாம் என்ற கேள்விக்கு 'எத்தனை முறை வேண்டுமானாலும்' என்று கீ போட்டிருந்தார்கள். சார் இரண்டரை மணி நேரம் நடத்திய அதே விஷயம். ஆபீசில் கேட்டேன், கேள்வித்தாள் சார் தயாரித்தது என்றார்கள். சாரிடம் கேட்டேன், கேள்வி என்னுடையது, கீ டைப் செய்தது ஆபீஸ் என்றார். மேலாளரிடம் போனால், "மேடம், டெஸ்ட் எல்லாம் தனி டீம்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முடிவெடுத்தது யார், கையெழுத்து யாருடையது, பதில் சொல்ல வேண்டியது யார் என்று அவரிடமே கேட்டேன். அவருக்குப் புரியவில்லை, கோபம் வந்தது. எனக்கும் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது என்பதை ஒத்துக்கொள்கிறேன். இரண்டு வாரம் கழித்து, ஒரு வார்த்தை விளக்கம் இல்லாமல், திருத்திய கீ வாட்ஸ்அப் குழுவுக்கு வந்தது.

மெட்டீரியல் கட்டணம் இல்லாமல் வகுப்பில் மட்டும் சேர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்; எனக்கு அடுத்து வந்த ஒரு தங்கை கேட்டு வாங்கிக்கொண்டாள். நோட்ஸுக்கு பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் புத்தகமே போதும். எங்கே சேர்ந்தாலும் ஒரு வகுப்பாவது இலவசமாக உட்கார்ந்து பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். ஞாயிறு மதிய வகுப்பு மாடியில் நடக்கும், தகரக் கூரை, ஒரே ஃபேன். ஜன்னல் பக்கத்து இரண்டாவது பெஞ்சைப் பிடிக்க வேண்டும் என்றால் ஒன்றே முக்காலுக்கு உள்ளே இருக்க வேண்டும்.