மீன் திடீரென்று செத்தால்: முதலில் தண்ணீரா, மருந்தா?

காலையில் மீன்தொட்டி லைட்டைப் போட்டால் ஒரு மோலி மீன் மல்லாந்து கிடக்கிறது, மற்றவை மேலே வந்து வாயைப் பிளக்கின்றன. உடனே கை போவது நீல மருந்துப் பாட்டிலுக்குத்தான். என் கையும் அப்படித்தான் போனது. மறுநாள் இன்னும் இரண்டு போயின.

ஒரே ராத்திரியில் பல மீன்கள் சாய்ந்தால், பெரும்பாலும் குற்றவாளி கிருமி அல்ல, தண்ணீர். எச்சமும் மிச்சத் தீனியும் அழுகி அம்மோனியா என்ற நச்சு ஏறியிருக்கும். அதை நைட்ரைட்டாகவும் பிறகு அவ்வளவு கெடுதியில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா ஃபில்டர் ஸ்பாஞ்சில் குடியிருக்கிறது. அந்த நீல மருந்தான மெத்திலீன் புளூவை ஊற்றினால் இந்தப் பாக்டீரியாவுக்கும் அடி விழும். போதாததற்குத் தொட்டியின் சிலிக்கான் ஓரமெல்லாம் நீலமாகிவிடும்.

தண்ணீர் மாற்றுவதோ செலவில்லாத வேலை. மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிட்டு, குளோரின் நீக்கிய, அதே சூட்டில் உள்ள தண்ணீரை ஊற்றுங்கள். ஏர் பம்ப் ஓடட்டும், ஒரு நாள் தீனி வேண்டாம். ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவாதீர்கள். வெளியே எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே பிழிந்தால் போதும்.

சரி, மருந்தே வேண்டாமா? உடம்பில் உப்பைத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அது ஒட்டுண்ணி. தண்ணீர் மாற்றினால் மட்டும் தீராது. அங்கே மருந்துதான். ஆனால் தோலுக்குள் இருக்கும் புள்ளியை மருந்து தொடாது, நீந்தித் திரியும் பருவத்தில்தான் கொல்லும். அதனால் புள்ளி மறைந்த பின்னும் சில நாள் தொடர வேண்டும். அப்புறம், ஃபில்டரில் கரி இருந்தால் முதலில் எடுத்துவிடுங்கள், மருந்தையெல்லாம் அதுவே உறிஞ்சிவிடும்.