அசிஸ்டன்ட்ஷிப் வாங்கித் தருகிறோம் என்று யாராவது பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்

1,85,000 ரூபாய். சம்பா நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டு அப்பா கணக்கில் ஏறிய பணம். தஞ்சாவூரில் உள்ள ஒரு வெளிநாட்டுப் படிப்பு கன்சல்டன்சி அதை வாங்கி விழுங்கிவிட்டது. நீடாமங்கலம், மன்னார்குடி பக்கத்திலிருந்து இன்னும் எத்தனை பேர் அங்கே போய் உட்காரப் போகிறார்களோ என்றுதான் இன்றே எழுதுகிறேன்.

அமெரிக்காவில் எம்.எஸ். படிக்க எனக்கு இடம் கிடைத்தது உண்மை. அது என் மதிப்பெண்ணுக்குக் கிடைத்தது. ஆனால் டீச்சிங் அசிஸ்டன்ட்ஷிப், அதாவது படிக்கும்போதே பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்த உதவி, அதற்கு உதவித்தொகை வாங்கும் வேலை இல்லாமல் எங்களால் அந்தச் செலவைத் தாங்க முடியாது. அதைத்தான் பிடித்துக்கொண்டார்கள்.

கன்சல்டன்சி ஆள் ஒருவர் அப்பாவுக்கு மோர் வாங்கிக் கொடுத்து, "நானும் வலங்கைமான் பக்கம்தான் ஐயா. கொள்முதல்ல ஈரப்பதம் 17 சதவீதம்னு ரொம்பப் படுத்துறாங்களா?" என்று கேட்டார். அப்பா முகம் மலர்ந்துவிட்டது. நெல், மேட்டூர்த் தண்ணீர், வாய்க்கால் தூர்வாருவது என்று பேச்சு நீண்டது. அதன்பிறகுதான் பல்கலைக்கழக முத்திரை போட்ட கடிதத்தை எடுத்தார். கல்விக் கட்டணம் தள்ளுபடி, மாதாமாதம் உதவித்தொகை. "டிபார்ட்மெண்ட்ல நம்ம ஆள் இருக்கார். இன்னிக்கே கட்டலைன்னா வேற ஆளுக்குப் போயிடும்." அப்போது பிப்ரவரி மாதம். "நம்மூர்க்காரரு, பொய் சொல்லுவாரா" என்று அப்பா நேராக பேங்குக்குப் போனார்.

மாணவர் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவம் வந்தது. பல்கலைக்கழகம் தரும் நிதி என்ற இடத்தில் ஒன்றுமே இல்லை. போன் செய்தால் "சார் மீட்டிங்ல இருக்கார்". அப்புறம் "ப்ராசஸிங்ல இருக்கு". அப்புறம் "அங்க ஃபண்டிங்கை நிறுத்திட்டாங்க, நாங்க என்ன பண்றது". நேரில் போனோம். ரிசப்ஷனில் இருந்த பெண் ரசீதை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஆலோசனைக் கட்டணம்னுதானே இருக்கு, அசிஸ்டன்ட்ஷிப்னு எங்க போட்டிருக்கு?" என்று கேட்டார். மோர் வாங்கிக் கொடுத்த ஆள் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம்தான் இருந்தார். அப்பாவைப் பார்த்தும் எழுந்து வரவில்லை. 1,85,000 ரூபாய் வாங்கியவர் ஒரு வார்த்தை பேச வரவில்லை!

பல்கலைக்கழகத்தில் அந்தத் துறைக்கே மெயில் அனுப்பினேன். கடிதம் தாங்கள் அனுப்பியதல்ல, எந்த ஏஜென்ட்டும் தங்களுக்கு இல்லை என்று பதில் வந்துவிட்டது.

விவரமாக எழுத இப்போது மனசு இல்லை. இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். டீச்சிங் வேலையைத் துறைதான் தரும். ரிசர்ச் வேலை பெரும்பாலும் பேராசிரியரின் ஆராய்ச்சி நிதியிலிருந்து வரும், அவருக்கு நீங்களே எழுதிக் கேட்கலாம். இரண்டுக்கும் நடுவில் காசு வாங்க ஆளே கிடையாது. "இன்னிக்கே" என்று அவசரப்படுத்தினால் நம்பாதீர்கள். நிதியுதவிக்குப் பதில் சொல்ல ஏப்ரல் 15 வரை அவகாசம் தருவதாகப் பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் உடன்பட்டிருக்கின்றன. கடிதம் ஜிமெயிலிலிருந்து வந்தால் தொடவே வேண்டாம். ஆன்லைனில் பணம் போயிருந்தால் உடனே சைபர் கிரைம் உதவி எண் 1930-க்கு போன் செய்யுங்கள்.

ரசீது, போலிக் கடிதம், துறையின் பதில் எல்லாவற்றையும் நகல் எடுத்துவிட்டேன். நாளைக் காலையில் அப்பாவும் நானும் எஸ்.பி. ஆபீஸில் மனு கொடுக்கிறோம். அதே இடத்தில் பணம் கட்டியவர்கள் இருந்தால் உங்கள் ரசீதோடு வாருங்கள்.