லேக் பவலில் ஹவுஸ்போட்: எடுக்கலாமா, வேண்டாமா?

அரிசோனா, யூட்டா எல்லையில் இருக்கும் லேக் பவலில் ஹவுஸ்போட் எடுக்க நினைப்பவர்கள் முதலில் ஆலப்புழையை மறந்துவிடுங்கள். அங்கே ஓட்ட ஒருவர், கரிமீன் வறுக்க ஒருவர், நமக்குச் சாய்ந்து உட்காரும் வேலை மட்டும். இங்கே ஒரு வீடியோ போட்டுக் காட்டி, அவசர அவசரமாகப் படகைச் சுற்றிக் காட்டி, சாவியைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அதற்கப்புறம் ஓட்டுநர், சமையல்காரர், நங்கூரம் புதைக்கிறவர் எல்லாமே நாம்தான். எங்கள் நான்கு குடும்பத்தில் யாருக்கும் படகு ஓட்டிப் பழக்கமில்லை, ஆனாலும் சமாளித்துவிட்டோம். இரண்டு குடும்பம் மட்டும் போவதாக இருந்தால் இந்தச் செலவும் உழைப்பும் வேண்டாம் என்பேன்.

இணையத்தில் காட்டும் வாடகை பாதிக் கதைதான். பெட்ரோல் தனி, அதைத் திரும்பி வந்தபிறகு நிரப்பிப் பார்த்துக் கணக்குப் போடுவார்கள். பூங்கா நுழைவுக் கட்டணம் வண்டிக்கு 30 டாலர், அதுவும் தனி. கூடவே இழுத்துப்போகும் சின்ன மோட்டார் படகுக்கும் தனி வாடகை, அதை மிச்சம் பிடிக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். ஹவுஸ்போட் ஆமை வேகம். குறுகலான பள்ளத்தாக்குகளுக்குள் அது நுழையவே நுழையாது. சுற்றிப் பார்ப்பதெல்லாம் சின்னப் படகில்தான், பெரியது சாப்பிடவும் தூங்கவும்.

நாங்கள் எடுத்த கடையின் பெயர் இங்கே வேண்டாம். இரண்டு ஃப்ரிட்ஜில் ஒன்று முதல் நாள் மாலையே மூச்சை விட்டது. கூப்பிட்டுச் சொன்னால், "ஐஸ் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்" என்றார்கள். ஏரி நடுவில் ஐஸுக்கு எங்கே போவது? இட்லி மாவு, ஆட்டுக்கறி, பால் எல்லாம் மிச்சமிருந்த ஃப்ரிட்ஜில் மூச்சுமுட்ட அடைத்தோம். திரும்பி வந்ததும் சின்னப் படகின் புரொப்பெல்லரில் ஏற்கெனவே இருந்த கீறலைக் காட்டி டெபாசிட்டில் கைவைக்கப் பார்த்தார்கள். நண்பர் கிளம்பும்போதே அதைத் தூக்கச் சொல்லிப் படம் எடுத்து வைத்திருந்தார், பிழைத்தோம். நீங்களும் எடுத்துவிடுங்கள், தேதி தெரிகிற மாதிரி.

உண்மையான பரீட்சை கரை சேர்ப்பதில்தான். சாயங்காலக் காற்று கிளம்புவதற்குள் ஒரு மணல் கரையைப் பிடிக்க வேண்டும். மேலே வெறும் பாறையாக இருந்தால் ஆகாது, மணல் ஆழமாக இருக்க வேண்டும். மூக்கை நேராக மணலில் முட்டவிட்டு, இன்ஜினை அணைக்காமல் முன் கியரிலேயே மெதுவாக ஓடவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்பக்கம் திரும்பிவிடும். ஒருவர் ஸ்டியரிங்கில் நிற்க, மற்றவர்கள் நங்கூரத்தையும் மண்வெட்டியையும் தூக்கிக்கொண்டு இறங்கி இரண்டு பக்கமும் சாய்வாகத் தள்ளிப்போய் முழங்கால் ஆழத்துக்குக் குழி தோண்டி, நங்கூரத்தைப் புதைத்து, மேலே மணலை மிதித்து இறுக்கிவிட்டு, பின்னாலிருந்து வரும் கயிற்றை இழுத்துக் கட்ட வேண்டும். எங்கள் மச்சான் தோண்டிய குழியைப் பார்த்து, பக்கத்துக் கரையிலிருந்த வெள்ளைக்காரப் பெரியவர் சிரித்துக்கொண்டே வந்து இன்னும் இரண்டடி தோண்டிக் கொடுத்துவிட்டுப் போனார். அன்று ராத்திரி அடித்த காற்றில் கயிறு முறுக்கிய சத்தம் கேட்டவர்களுக்கு அந்த இரண்டடியின் அருமை தெரியும்.

பிள்ளைகளோடு போகிறவர்கள் இதைத் தவறவிடாதீர்கள். ஏசிக்காக ஜெனரேட்டர் ஓடும்போது படகின் பின்பக்கத் தண்ணீரில் யாரும் இறங்கக் கூடாது. 2000 ஆம் ஆண்டில் இதே ஏரியில், ஹவுஸ்போட்டின் பின் மேடைக்கு அடியில் தேங்கிய கார்பன் மோனாக்சைடால் இரண்டு சிறுவர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் அரசு ஆய்வு செய்து, புகைபோக்கியின் இடத்தையே மாற்றச் சொன்னது. அந்த வாயுவுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. எங்களுக்குக் காட்டிய வீடியோவில் இது வந்தது என்னவோ உண்மை, ஆனால் கண் இமைக்கும் நேரத்தில் போய்விட்டது.

ஏரி எப்படி? அதற்கு முழு மதிப்பெண். கிளென் கேன்யன் அணையின் மதகை 1963 இல் மூடினார்கள், ஏரி முழுதாக நிரம்ப 1980 ஆகிவிட்டது. முழுதாக நிரம்பினால் நீர்மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் 3,700 அடி. கொலராடோ ஆற்றில் வறட்சியும் மிதமிஞ்சிய பயன்பாடும் சேர்ந்து 2023 தொடக்கத்தில் அது 3,520 அடி அளவுக்கு இறங்கியது. செக்கச்செவேல் என்ற மணற்பாறையில் பழைய நீர்மட்டம் வரை வெள்ளைப் பட்டை. பல மாடி உயரத்துக்கு அது நம் தலைக்கு மேலே நிற்பதைப் பார்த்தால் வயிறு கொஞ்சம் கலங்கத்தான் செய்யும்.

இதனால் நமக்கு என்ன என்று கேட்காதீர்கள். நிறைய இருக்கிறது. நீர் இறங்கினால் காசில் ராக் கட் என்ற குறுக்குவழி அடைபட்டு, மைல் கணக்கில் சுற்றிப் போக வேண்டும், பெட்ரோல் பறக்கும். ஏரியின் படகுத்துறைகளான வாவீப்புக்கும் புல்ஃபிராக்குக்கும் நடுவில் டாங்ளிங் ரோப்பில் இருந்த பெட்ரோல் நிலையமும் 2021 இல் மூடப்பட்டது. ரெயின்போ பிரிட்ஜ் வாவீப்பிலிருந்து தண்ணீர் வழியே சுமார் 50 மைல், ஒரே கல்லில் 290 அடி உயர வளைவு. நீர் குறைவாக இருந்தால் படகிலிருந்து இறங்கி ஒரு மைலுக்கு மேல் வெயிலில் நடக்க வேண்டும். இங்குள்ள பூர்வகுடிகளான நவஹோ மக்களுக்கு அது புனிதமான இடம், அடியில் போய் நிற்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறார்கள், கேட்டு நடங்கள். ஆகவே முன்பணம் கட்டுவதற்கு முன் அன்றைய நீர்மட்டத்தைப் பார்த்துவிடுங்கள்.

காலம் என்றால் செப்டம்பர் பிற்பகுதி. தண்ணீரில் வெதுவெதுப்பு இருக்கும், கூட்டம் கலைந்திருக்கும். ஜூலை, ஆகஸ்ட்டில் மதிய இடிமழை உண்டு, எங்கோ பெய்த மழை குறுகிய பள்ளத்தாக்கில் வெள்ளமாக வரும். 1997 ஆகஸ்ட்டில் ஆன்டிலோப் கேன்யனில் 11 பேர் அப்படித்தான் போனார்கள்.

பட்ஜெட் இடிக்கிறதா? ஆன்டிலோப் பாயின்ட் பொதுப் படகுத்துறையில் கயாக் (துடுப்புப் போடும் சின்னப் படகு) இறக்கி, அதே ஆன்டிலோப் கேன்யனின் ஏரிப் பக்க வாய்க்குள் துடுப்புப் போட்டுப் போய், தண்ணீர் முடிகிற இடத்தில் இறங்கி நடக்கலாம். மேலே படம் எடுக்கக் கூட்டம் அலைமோதும் பகுதிக்கு நவஹோ வழிகாட்டி கட்டாயம், இந்தப் பக்கத்துக்கு அது தேவையில்லை. காலையிலேயே கிளம்பிவிடுங்கள், பத்து மணிக்கு மேல் மோட்டார் படகுகளின் அலை கயாக்கை ஆட்டி எடுத்துவிடும். ராத்திரிக்கு லோன் ராக் கடற்கரையில் கூடாரம், கழிப்பறை கொஞ்சம் முகம் சுளிக்க வைக்கும்.

மளிகையைப் பீனிக்ஸிலோ வேகஸிலோ முடித்துவிடுங்கள். ஏரிக்குப் பக்கத்திலுள்ள பேஜ் ஊரில் வால்மார்ட்டும் சேஃப்வேயும் உண்டு, ஆனால் கறிவேப்பிலைக்கு அங்கே அலைய வேண்டாம். அப்புறம் கைக்கடிகாரம் ஒன்று கொண்டுபோங்கள். கோடையில் யூட்டா அரிசோனாவைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடும், போன் எந்த டவரைப் பிடிக்கிறதோ அந்த நேரத்தைக் காட்டும். வாவீப்பில் படகைத் திருப்பிக் கொடுக்கும் நேரம் அரிசோனா கணக்கு.