கன்னத்தில் கொழுப்பு ஏற்றிய இடத்தில் சீழ்: எல்லை தாண்டிப் போகிறவர்கள் கவனத்துக்கு

கன்னியாகுமரி மாவட்டத்தில் களியக்காவிளை, குழித்துறை, மார்த்தாண்டம் பக்கம் இருக்கிறவர்களுக்கு நல்ல வைத்தியம் என்றாலே பாதிப்பேருக்குத் திருவனந்தபுரம்தான். பஸ் ஏறினால் போய்ச் சேர்ந்துவிடலாம், பாஷையும் நமக்குச் சிக்கல் இல்லை. அந்த நம்பிக்கையை வைத்துப் பிழைக்கிற அழகு சிகிச்சை கிளினிக்குகளும் கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் முளைத்திருக்கின்றன. அப்படி ஒன்றில் என் தங்கச்சிக்கு நடந்ததை எழுதுகிறேன். விஷயம் வழக்குக்குப் போவதால் கிளினிக் பெயரை இங்கே போடவில்லை.

பைக் விபத்துக்குப் பிறகு அவளுக்கு இடது கன்னம் உள்வாங்கிப் போயிருந்தது. வயிற்றிலிருந்து கொழுப்பை உறிஞ்சி எடுத்துக் கன்னத்தில் ஊசி வழியாக ஏற்றினால் பள்ளம் நிரம்பும் என்றார்கள். சிகிச்சை பொய் இல்லை. முறையாகப் படித்த பிளாஸ்டிக் சர்ஜன்கள் செய்வதுதான். ஏற்றிய கொழுப்பில் ஒரு பங்கு கரைந்து போகும், மீதி அங்கேயே ரத்த ஓட்டம் பிடித்துத் தங்கிவிடும். என் புகார் இவர்கள் செய்த விதத்தைப் பற்றியது.

போர்டில் பெயர் போட்டிருந்த டாக்டர்தான் எங்களிடம் பேசினார், பணமும் அவர் பெயரைச் சொல்லித்தான் வாங்கினார்கள். ஆபரேஷன் அன்றைக்கு வந்தது வேறு ஆள். யார் என்று கேட்டதற்கு ரிசப்ஷனில், "சாரின்றெ டீம் தன்னெ சேச்சி" (சாரோட டீம்தான் அக்கா) என்று முடித்துக்கொண்டார்கள். பில்லில் "ஸ்கின் ட்ரீட்மென்ட்" என்று மட்டும் இருந்தது. என்ன ஆபரேஷன், யார் செய்தது, எதுவும் இல்லை.

தியேட்டர் என்று அவர்கள் சொன்னது ஏசி போட்ட ஒரு அறை. மரத்துப்போக ஊசி மட்டும் போட்டதால் தங்கச்சி முழித்துக்கொண்டுதான் படுத்திருந்தாள். அவள் கண்ணுக்கு நேரே வாஷ்பேசின். அதன் பக்கத்தில் மூடி இல்லாத பிளாஸ்டிக் ட்ரே, அதில் பச்சை நிறத் தண்ணீரில் நீளமான ஸ்டீல் குழாய்கள் ஊறிக்கொண்டிருந்தன. கொழுப்பை உறிஞ்சி எடுக்கிற கேனுலா அது. நர்ஸ் பெண் ஒன்றை எடுத்தாள், பைப்பைத் திறந்து ஒரு அலசு அலசினாள், உதறிவிட்டு டாக்டர் கையில் கொடுத்தாள். தங்கச்சி இதைப் பார்த்தாள், அந்த மருந்தின் நெடி மூக்கில் ஏறியதும் நினைவிருக்கிறது என்கிறாள்.

அந்தப் பச்சைத் தண்ணீர் குளூட்டரால்டிஹைடு. 2 சதவீதக் கரைசலில் கருவியை முழுசாகக் கிருமி நீக்கம் செய்ய 10 மணி நேரம் வைக்க வேண்டும். இருபது நிமிடம் ஊறவைத்து எடுத்தால் எல்லாக் கிருமியும் சாகாது, சில வகைகள் அந்த மருந்தையே தாங்கி நிற்கும். அதோடு கேனுலா உள்ளே துளையுள்ள ஒல்லிக் குழாய். முந்தின நோயாளியின் கொழுப்பு உள்ளே ஒட்டியிருந்தால், பிரஷ் விட்டுத் தேய்த்துக் கழுவாமல் எந்த மருந்தும் அடியில் போய்ச் சேராது. கழுவிய பிறகு பொட்டலம் கட்டி ஆட்டோகிளேவில் நீராவியில் வைத்து எடுப்பதுதான் முறை. இதையெல்லாம் விட மோசம் அந்தக் கடைசி அலசல். மருந்தில் ஊறியதைக் குழாய்த் தண்ணீரில் கழுவினால், தண்ணீரில் இருக்கிற கிருமி நேரே உடம்புக்குள் போகிறது.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. கன்னம் நிரம்பியது, தையல் பிரித்தார்கள். பல வாரம் கழித்துத்தான் தொப்புள் பக்கத்தில், குழாய் நுழைத்த இடத்தில் சின்னதாகக் கட்டி. அப்புறம் கன்னத்தில். காய்ச்சல் இல்லை, பெரிய வலியும் இல்லை. மேல்தோல் கருஞ்சிவப்பாகி உடைந்து, தண்ணீர் மாதிரி சீழ் வந்தது. கிளினிக்கில் காட்டினோம். "பேடிக்கண்டா, கொழுப்பு செட்டாவுந்நதா" (பயப்படாதீங்க, கொழுப்பு செட்டாகிறதுதான்) என்று சொல்லிக் கட்டியை மசாஜ் செய்யச் சொன்னார்கள். சீழ் பிடித்த கட்டியை! பிறகு மாற்றி மாற்றி ஆன்டிபயாட்டிக். பிறகு கட்டிக்குள் ஸ்டீராய்டு ஊசி. அது கிருமிக்கு எதிராக உடம்பு போடுகிற சண்டையையே அடக்குகிற மருந்து, அதற்குப் பிறகுதான் ஒன்று நாலாகப் பரவியது. சீழை கல்ச்சருக்கு, அதாவது கிருமியை லேபில் வளர்த்துப் பார்க்கிற டெஸ்டுக்கு, அனுப்பியதில் "வளர்ச்சி இல்லை" என்று ரிப்போர்ட் வந்தது. அதைக் காட்டி, கிருமியே இல்லை, உங்கள் உடம்புதான் கொழுப்பை ஏற்கவில்லை என்று பழியை அவள் மேல் போட்டார்கள். அவளுடைய சொந்தக் கொழுப்பை அவள் உடம்பு ஏற்கவில்லையாம்.

அந்த ரிப்போர்ட்தான் எங்களை அதிகம் ஏமாற்றியது. சாதாரண கல்ச்சரை லேபில் பெரும்பாலும் இரண்டு நாள் பார்த்துவிட்டுத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். அவளுக்கு வந்திருந்த கிருமி கண்ணுக்குத் தெரிய ஒரு வாரம் வரை ஆகலாம், சில சமயம் அதற்கும் மேல். ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜில் காட்டியபோது டாக்டரம்மா கட்டியைப் பார்த்ததுமே கேட்டது, "கருவியை எதில் கழுவினார்கள்?" என்றுதான். உடனே சதை எடுத்து ஏ.எஃப்.பி. கல்ச்சருக்கு எழுதினார்கள், டிபி குடும்பத்துக் கிருமிகளைத் தேடுகிற கல்ச்சர் அது. மைக்கோபாக்டீரியம் அப்செசஸ் என்று வந்தது. டிபி கிருமியின் குடும்பம், ஆனால் டிபி இல்லை. தண்ணீரிலும் மண்ணிலும் சாதாரணமாக இருப்பது. வழக்கமான டிபி மாத்திரை இதற்குக் கேட்காது, ஆகவே டிபி என்று சொல்லி யாராவது அந்த மாத்திரையை ஆரம்பித்தால் கல்ச்சர் எங்கே என்று கேளுங்கள்.

செத்த கொழுப்புக்கு ரத்த ஓட்டம் கிடையாது, மருந்து அங்கே போய்ச் சேராது. அதனால் கன்னத்தையும் வயிற்றையும் கீறி, கெட்டதையெல்லாம் சுரண்டி எடுத்தார்கள். அதோடு கிளாரித்ரோமைசின் மாத்திரை, அமிகாசின் ஊசி. அமிகாசின் காதையும் கிட்னியையும் பாதிக்கலாம் என்பதால் அடிக்கடி காது டெஸ்ட், ரத்த டெஸ்ட். தீவிரமான தொற்றென்றால் குறைந்தது 4 மாதம் மருந்து. தங்கச்சிக்கு மருந்து முடிந்து புதுக்கட்டி வரவில்லை. ஆனால் முன்பு பள்ளம் மட்டும் இருந்த கன்னத்தில் இப்போது பள்ளமும் தழும்பும்.

இது ஏதோ அவள் தலையெழுத்து என்று சொல்ல வருகிறவர்களிடம் சொல்கிறேன், இது உலகத்துக்குத் தெரிந்த விஷயம். செலவு குறைவென்று டொமினிகன் குடியரசுக்குப் போய் அழகு அறுவை செய்துகொண்டு அமெரிக்கா திரும்பிய பெண்களுக்கு 2003-04இல் இதே கிருமி வந்ததை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் பதிவு செய்திருக்கிறது. பிரேசிலில் ரியோ டி ஜெனிரோவில் 2006-07இல் அறுவைக்குப் பிறகு இதே குடும்பத்துக் கிருமி பெரிய அளவில் பரவியது, குளூட்டரால்டிஹைடைத் தாங்கி நிற்கிற வகை அது. ஊறவைத்து அலசுகிற டாக்டருக்கு இது தெரியாது என்றால் அவர் கையில் கேனுலா இருக்கக் கூடாது.

போக நினைக்கிறவர்கள் ஆபரேஷன் செய்யப்போகிறவரின் பெயரையும் மெடிக்கல் கவுன்சில் பதிவு எண்ணையும் எழுதி வாங்குங்கள். பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். அல்லது டி.என்.பி. (இப்போது டிஆர்.என்.பி.) பட்டம் இருக்கிறதா பாருங்கள், "காஸ்மெட்டாலஜிஸ்ட்" என்று மட்டும் இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். கேரளாவில் 2018 சட்டப்படி கிளினிக்கே பதிவு செய்திருக்க வேண்டும், சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். கேனுலாவை ஆட்டோகிளேவ் செய்த பொட்டலத்தை உங்கள் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். பொட்டலத்தில் ஒட்டியிருக்கிற பட்டை நிறம் மாறியிருக்க வேண்டும். இதைக் கேட்டால் முகம் சுளிக்கிற இடம் உங்களுக்கு வேண்டாம்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு: சிகிச்சை ரெக்கார்டை எழுத்தில் கேளுங்கள், 72 மணி நேரத்துக்குள் டாக்டர் கொடுத்தாக வேண்டும். எங்களுக்குக் கொடுக்கவில்லை, அதையும் புகாரில் சேர்த்திருக்கிறோம். கிளினிக் கேரளாவில் இருக்கிறது, அங்கே போய் வழக்குக்கு அலைய முடியாது என்று நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். 2019 நுகர்வோர் சட்டப்படி நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம். நமக்கு நாகர்கோவில். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

எல்லைக்கு அந்தப் பக்கம் இப்படிக் கொழுப்பு எடுத்தோ ஏற்றியோ, மாதக்கணக்கு கழித்துக் கட்டியோ ஆறாத புண்ணோ வந்த யாராவது இருந்தால், அதை அமுக்காதீர்கள், மசாஜ் செய்யாதீர்கள். ஏ.எஃப்.பி. கல்ச்சர் என்று கேட்டு எடுத்துப் பாருங்கள். எனக்குத் தனியாக எழுதுங்கள். ஒரே இடத்தில் செய்த இரண்டு பேரின் ரிப்போர்ட்டில் ஒரே கிருமி இருந்தால், "உங்கள் உடம்பு ஏற்கவில்லை" என்று அவர்கள் கோர்ட்டில் சொல்ல முடியாது.